அய்யூப் பாய் குடித்த தண்ணீர்

பிப்ரவரி 10, திங்கள்

மூன்றாம் மிஷினுக்கு ஒருவழியாகப் புது சென்சார் வந்தது. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்து, மாட்டிவிட்டு, மதிய விமானத்துக்கு ஓடிவிட்டான். "அளவு செட் பண்றது நீங்களே பண்ணிக்குவீங்கல்ல மேடம்?" பண்ணிக்கொள்வேன். பதினோரு வருடமாக இந்த டயாலிசிஸ் யூனிட்டில் வேறு யார் பண்ணுகிறார்கள்?

மிஷின் கலக்கும் உப்புக் கரைசலில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று கைமீட்டரில் பார்க்க வேண்டும். பதினான்கு காட்டினால் உப்பு சரியாக இருக்கிறது. அதற்கு முன்னால் கைமீட்டர் சரியா என்று ஸ்டாண்டர்டு கரைசலில் முக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டிலில் 14.0 என்று அச்சடித்திருக்கிறது. இன்று முக்கினால் மீட்டர் 14.7 என்றது. அதற்கும் வயதாகிறது போல. திருகி 14.0-க்கு இறக்கினேன். பிறகு அந்த மீட்டரை வைத்து மிஷினைச் செட் செய்தேன்.

ஒருமுறை முக்கிய கரைசலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. விதி எழுதியவன் மெயின்லேண்டில் இருக்கிறான், நாங்கள் தீவில். அடுத்த பாட்டில் கப்பலில் வர வேண்டும், கப்பலோ ரிப்பேரில். கட்சால் தீவில் மாதம் ஒரு கப்பலைப் பார்த்து வளர்ந்தவள் எதைக் கொட்டுவாள்? டிசம்பரிலிருந்து இதையேதான் திரும்பத் திரும்ப ஊற்றி வைத்துக்கொள்கிறேன். பாட்டில் மூடி உடைந்துவிட்டதால் ஒரு ஜாடி, மேலே பாலிதீன், ரப்பர் பேண்ட். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அறையில் மோட்டாருக்கு மேலே பலகையில் இருக்கிறது. நல்ல சூடு அங்கே. எலி வராது.

பிப்ரவரி 17, திங்கள்

அய்யூப் பாய் மூன்றே முக்கால் கிலோ ஏறி வந்திருக்கிறார். மூன்றாம் மிஷின் இத்தனை நாள் கெட்டுக் கிடந்ததால் மற்றவர்கள் அதில் படுக்கப் பயப்படுகிறார்கள். இவருக்கு மட்டும் அதுதான் வேண்டும். ஜன்னல் ஓரம், ஹார்பர் தெரியும். அபர்தீன் பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை, திங்களும் வியாழனும். சிறுநீர் வருவதில்லை, குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் அளவாகக் குடிக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது.

"எவ்வளவு குடிச்சீங்க பாய்?"

"அல்லா அறிய நாலு தம்ளர். அதுக்கு மேல தாண்டல விஜிம்மா."

"பாய், நான் செருப்பு வாங்க வரல. உண்மை விலையைச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்றே நாளில் நான்கு கிலோ.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று நாலரை கிலோ. அவ்வளவையும் உறிஞ்சி எடுத்ததில் கடைசி அரை மணி நேரம் கால் பிடித்துக்கொண்டு துடித்தார். நாகராஜும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து நீவினோம். நாகராஜ் என் ஜூனியர், நல்ல கை.

வலி விட்டதும் பாய் மிஷினின் எண்ணைக் காட்டி, "இந்தப் பதினாலு என்னாது?" என்றார். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் யாராவது மிஷினைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபம் நிற்காது.

"கரண்ட்டு பாய். சுத்தமான தண்ணியில கரண்ட் போவாது. உப்பைப் போட்டா அது ரெண்டா பிரியும். சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம். ஆளுக்குக் கொஞ்சம் மின்சாரத்தைச் சுமந்துக்கிட்டு எதிரும் புதிருமா நகருதுங்க. எத்தனை பேர் சுமக்குறாங்களோ அத்தனை கரண்ட். அதை அளந்தா உப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்."

"சீனி போட்டா?"

"போவாது. சீனி கரையும், ஆனா பிரியாது. சுமக்க ஆளில்ல."

"அப்ப சீனி நம்ம பஜார் சங்கம் மாதிரி. கரைஞ்சு கலந்து இருப்பானுவ, ஒருத்தனும் சுமக்க மாட்டான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஃபைலில் சிவப்பு மையில் எழுதினேன்: நோயாளி நீர்க்கட்டுப்பாட்டைப் பின்பற்றுவதில்லை. உண்மையைச் சொல்வதில்லை. கீழே என் கையெழுத்து.

மார்ச் 3, திங்கள்

நோன்பு தொடங்கிவிட்டது. பாய்க்கு விலக்கு உண்டு. ஆனால் கடைத்தெருவில் பகலில் தண்ணீர் குடிப்பவரை யார் விசாரித்துவிட்டுப் பார்க்கிறார்கள்? கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குடித்தாராம். அவர் மனைவி மெஹருன்னிசா அக்கா இன்று என்னிடம் வந்து சொன்னார்.

"வீட்ல ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுட்டேன் விஜி. குடத்துல இருக்குறதையும் அளந்துதான் வைக்கிறேன். நாங்கள்லாம் நாக்கு வறண்டு நோன்பு புடிச்சிக்கிட்டு இருக்கோம், இவுக ஷட்டரை இறக்கிட்டுக் குடிக்கிறாக."

"நல்ல வேலை செஞ்சீங்க அக்கா" என்றேன்.

மெஹருன்னிசா அக்காதான் அவருக்குக் கிட்னி தரப்போகிறவர். இரத்த வகை பொருந்திவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்காக டாக்டர் சந்திரமோகன் ஃபைலை முழுவதும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார், என் சிவப்பு மையையும் சேர்த்து.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஒன்றாம் மிஷினில் கைமீட்டரை வைத்துப் பார்த்தேன். 13.3 என்கிறது. இரண்டாம் மிஷினிலும் 13.3. மூன்று மட்டும் சரியாகப் பதினான்கு. அப்படியானால் மற்ற இரண்டும் இறங்கிவிட்டனவா? இரண்டும் ஒன்றாக, ஒரே அளவுக்கா? மனசு கேட்கவில்லை. அவற்றையும் ஏற்றிச் செட் செய்யட்டுமா என்று டாக்டரிடம் போனேன்.

"அந்த ரெண்டு மிஷின்ல யாருக்காவது பிரஷர் இறங்குதா? தசைப் பிடிப்பு?"

"இல்ல சார்."

"அப்ப தொடாதம்மா. கப்பல்ல புது பாட்டில் வரட்டும்."

டாக்டருக்கு மிஷின் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் தொடவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த 13.3 உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பாயும் மெஹருன்னிசா அக்காவும் யூனிட் வாசலில் சண்டை. எடை மிஷினில் ஐந்து கிலோ. அக்கா ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"என் வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுக்குறதைத் தண்ணியில கரைக்கவா? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் குடுக்கல. வேற ஆளைப் பாருங்க."

பாய் நேராக உள்ளே வந்து படுத்தார். ஊசி போடும்போது என்னிடம் மெதுவாக, "ராத்திரியெல்லாம் நாக்கு ஒட்டிக்கிதும்மா. இங்க வந்துட்டுப் போற அன்னைக்கித்தான் ரொம்ப" என்றார்.

இங்கே வந்து போகிற அன்றைக்கு! தண்ணீரை எடுக்கிற இடத்தில் தாகம் எடுக்கிறதாம். "வாய்க்கு ஒரு லவங்கம் போட்டுக்குங்க" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

சென்னையிலிருந்து பதில். நோயாளியின் ஒத்துழைப்பு திருப்தியாக இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை. எக்கோ ஸ்கேனில் பாயின் இதயம் வீங்க ஆரம்பித்திருக்கிறது என்கிறார் டாக்டர். ஆறு மாதம் தாங்குமா?

அவர் தலையெழுத்து. நான் எத்தனை முறை சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒன்றாம் மிஷினில் பம்ப் ஒழுகுகிறது. ஜெயமணி அம்மாவை மூன்றுக்கு மாற்றினேன். பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், ரிட்டயர்டு நர்ஸ். இருமல் மருந்து மூடியில் அளந்து தண்ணீர் குடித்து, அதையும் நோட்டில் எழுதுகிற ஆள். பயந்து பயந்துதான் படுத்தார்.

மார்ச் 25, செவ்வாய்

ஜெயமணி அம்மா அழுதார்.

பதினெட்டும் இருபத்தொன்றும் மூன்றாம் மிஷினில். இன்று மூன்றரை கிலோ. ஐந்து வருடத்தில் ஒன்றரையைத் தாண்டாதவர். "விஜி, என்னால முடியல. தாகம் என்னைக் கொன்னுடிச்சு. நோட்டைப் பாரு, மறைக்காம எழுதியிருக்கேன். தோத்துட்டேன்." நோட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் தேதி காலை ஐந்து மணிக்கு முன்னால் இரண்டு தம்ளர். அதற்கு அடியில் "வெட்கம்" என்று எழுதியிருந்தார்.

அவரை உடனே இரண்டாம் மிஷினுக்கு மாற்றினேன். ஏன் மாற்றினேன்? காரணம் சொல்லத் தெரியாமலே கை மாற்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போக சாத்தம் ஜெட்டியில் ஃபெரிக்கு நின்றபோதுதான் உறைத்தது. ஜெயமணி அம்மா சொன்னதும் நம்பிவிட்டேன். பாய் ஆறு வாரமாக அதையேதான் சொல்கிறார். ஏன் நம்பவில்லை? வியாபாரி என்பதாலா? சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் என்பதாலா? அல்லது... வேண்டாம், எழுதக் கூசுகிறது. ஃபெரி போனது. நான் ஏறவில்லை. அடுத்ததில்தான் வந்தேன்.

மார்ச் 26, புதன்

ஆறரைக்கே யூனிட்டுக்குப் போனேன். ஏற்றாமல் சீல் பிரிக்காமல் இருந்த சலைன் பாட்டில் ஒன்றை எடுத்தேன். கம்பெனியில் அளந்து போட்ட உப்பு, கூடவோ குறையவோ வழியில்லை. மீட்டர் பதினாறுக்குப் பக்கம் காட்ட வேண்டும். 15.2. வேறு தேதி போட்ட பாட்டில்: 15.2. இன்னொன்று: 15.2. மீட்டர்தான் குறைத்துக் காட்டுகிறது.

ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் உள்பக்கம், கரைசலுக்கு மேலே, வெள்ளையாக ஒரு கோடு. அதற்கும் மேலே இன்னொரு கோடு. தண்ணீர் டிசம்பரிலிருந்து மோட்டார் சூட்டில் ஆவியாகியிருக்கிறது. உப்பு எங்கே போகும்? குறைந்த தண்ணீரில் அத்தனை உப்பும் அப்படியே இருக்க, பிப்ரவரிக்குள்ளேயே கரைசல் 14.7 ஆகிவிட்டது. மீட்டர் அன்றைக்கு 14.7 என்று உண்மையைத்தான் சொன்னது. பொய் சொல்லாதே என்று அதையும் திருகி வைத்தவள் நான். ஒன்றும் இரண்டும் சரியாகவே இருந்தன. மூன்றுதான் ஆறு வாரமாக 14.7-ஐ ஓட்டிக்கொண்டு, முகத்தில் 14.0 என்று காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நான்கு மணி நேரம் அந்த மனிதனின் இரத்தத்தில் உப்பை ஏற்றி அனுப்பிவிட்டு, ஏன் தண்ணீர் குடித்தாய் என்று கேட்டிருக்கிறேன். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்வான்? அந்த மற்ற இரண்டு மிஷினையும் செட் செய்திருந்தால் யூனிட்டின் பதினெட்டு பேருக்கும் இதே கதிதான். டாக்டர் தொடாதேன்னு சொன்னாரே, அந்த மனுசனுக்குக் கோயில் கட்டணும்.

நாகராஜ் வந்ததும் சொன்னேன். அவன் ஜாடியை வாங்கி சிங்க்கில் கவிழ்க்கப் போனான்.

"அரே அக்கா, சோடோ, விடு. மீட்டரைச் சரி பண்ணு, மிஷினைச் சரி பண்ணு. நாளையிலேர்ந்து பாய்க்குத் தானா குறையும். யாருக்கு நஷ்டம்? சொன்னா உன் வேலைதான் போவும்."

ஜாடியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஆனால் டாக்டரிடம் போகவில்லை. மீட்டரைச் சலைனை வைத்துத் திருத்தினேன், மிஷினைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மார்ச் 27, வியாழன்

பாய் வந்தார், படுத்தார், போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். யூனிட் லீவு. காலையிலிருந்து துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன். சொல்லாவிட்டால் என்ன? குறைந்துவிடும். ஆறு மாதத்தில் சென்னை மறுபடி பார்க்கும். ஃபைலில் எடை நன்றாக இருக்கும். யாருக்கு நஷ்டம்? நாகராஜ் சொன்னதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் குரலில் கேட்டால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

நேற்று லீவு என்பதால் பாய் இன்று வந்தார். கூட மெஹருன்னிசா அக்கா, கையில் பெருநாள் வட்டிலப்பம். எடை மிஷினில் ஏறினார். இரண்டு கிலோ. ஐந்து நாளில் இரண்டே கிலோ!

அக்கா கைதட்டினார். "பாத்தியா விஜி! குளியலறை பைப்புக்கும் பூட்டுப் போட்டேன், இறங்கிடிச்சு. இத்தனை நாளா பைப்புல வாயை வச்சிக் குடிச்சிருக்காக. அல்லா பேரைச் சொல்லிச் சொல்லி என்கிட்டப் பொய் சொல்லியிருக்காக."

பாய் தலை குனிந்து நின்றார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதை நான் முகத்தில் பார்த்தேன். நாம்தான் தெரியாமல் குடித்தோமோ என்று அந்த மனிதர் யோசிக்கிறார்! நான் மிஷினை மட்டும் சரிசெய்து, அவரைப் பொய்யனாக நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

"அவர் குடிக்கல அக்கா" என்றேன். "குடிச்சார், ஆனா நான் குடிக்க வச்சேன். மிஷின்ல உப்பு ஜாஸ்தி. நான் தப்பா செட் பண்ணிட்டேன். பாய் பொய் சொல்லல."

ஜாடியைக் கொண்டுவந்து காட்டினேன். வெள்ளைக் கோடுகளைக் காட்டினேன். எல்லாக் கட்டில்களும் கேட்டுக்கொண்டிருந்தன. சிரித்தார்களே, அதே கட்டில்கள். அக்கா ஜாடியைப் பார்க்கவே இல்லை, பாயைத்தான் பார்த்தார். பாய் கட்டிலில் உட்கார்ந்து, "நாகராஜு, இன்னைக்கி நீ ஊசி போடுப்பா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அங்கிருந்து நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆறு நாள் தெரிஞ்சும் சொல்லல நீ" என்றார். தவறு செய்ததைவிட அந்த ஆறு நாளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சென்னைக்குக் கடிதம் நானே எழுதினேன். பழைய கரைசல், 14.7, தேதிகள், சலைன் சோதனை, ஜெயமணி அம்மாவின் எடை, எல்லாம். பாயின் இரத்த சோடியம் ரிப்போர்ட்டை டாக்டர் சேர்த்தார், மார்ச் மாதம் கூடுதலாகத்தான் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. கடைசியாக எழுதினேன்: நோயாளி உண்மையைச் சொன்னார். நான் எழுதிய குறிப்பு தவறு. முழுப் பெயர், விஜயலட்சுமி, பதிவு எண், கையெழுத்து.

ஏப்ரல் 8, செவ்வாய்

மெமோ வந்தது. மிஷின் அளவுகளை இனி நான் தனியாகத் தொடக்கூடாது. நாகராஜும் தனியே அளந்து, இரண்டு எண்ணும் பொருந்தினால்தான் ஓட்டலாம். சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தம். வேலை இருக்கிறது. மெமோவைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், இரண்டு வாரத்தில் முதல் தடவை.

ஜெயமணி அம்மாவிடமும் சொன்னேன். நோட்டை எடுத்து "வெட்கம்" என்பதை அடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "உனக்கு வேணும்னா எழுதித் தரவா?" என்றார். கோபமா, கேலியா? இரண்டும்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

மெஹருன்னிசா அக்கா ஆர்.ஓ. அறை வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"மிஷின் தப்பாக் காட்டும்னு உனக்கே தெரியல, எனக்கு எங்க தெரியும்? அதை விடு. இவுகளைப் பத்தித் தெரியும்ல எனக்கு? இருபத்தாறு வருசம். கிட்னியைக் குடுக்கத் துணிஞ்சேன் விஜி. ஒரு தம்ளர் தண்ணிக்கு அவுக பேச்சை நம்பல."

அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். பூட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டாராம். பாய் வீட்டில் இன்னும் அதிகம் பேசுவதில்லையாம். கிட்னி கொடுப்பேன் என்று அவரிடம் மறுபடி சொன்னதற்கு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னாராம்.

இன்றும் ஊசி நாகராஜ்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

கப்பல் வந்தது. புது ஸ்டாண்டர்டு, ஆறு பாட்டில். ஒன்றைத் திறந்து மீட்டரை முக்கினேன், 14.0. முக்கிப் பார்த்த கரைசலை சிங்க்கில் கொட்டினேன். கை கூசத்தான் செய்தது, கொட்டினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு அம்மாள், கமிட்டியின் செயலாளராம். "இந்த லெட்டர் எழுதினது நீங்கதானா? உங்களைப் பத்தி நீங்களே எழுதியிருக்கீங்களா?" ஆமாம் என்றேன். பழைய குறிப்பை ரத்து செய்துவிட்டார்களாம். பாயும் அக்காவும் மே எட்டாம் தேதி கமிட்டி முன்னால் வரலாம்.

டாக்டர் பாயிடம் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். பாய் அக்காவின் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

மே 5, திங்கள்

நாளை மறுநாள் விமானம். இங்கே கடைசி டயாலிசிஸ் இன்று. பாய் தானாகவே மூன்றாம் மிஷினுக்குப் போய்ப் படுத்தார். நாகராஜ் ஊசியோடு போனான். "நீ இரு. விஜிம்மா எங்க?" என்று பாயின் குரல் கேட்டது.

போனேன். கையை நீட்டினார். ஏப்ரல் முழுவதும் அந்தக் கையை நான் தொடவில்லை. ஒரே குத்தில் ஏறியது, நல்லவேளை.

"இன்னைக்கி நம்பர் எவ்வளவு?"

"பதினாலு பாய். நாகராஜும் பாத்தான், நானும் பாத்தேன். மீட்டரைக் கொண்டாந்து உங்க கண்ணு முன்னால வச்சுக் காட்டுறேன், இருங்க."

"எதுக்கு? நீ சொன்னா சரிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மீட்டரோடு கட்டிலருகே நின்றேன். ஆறு வாரமாக அந்த மனிதர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான், நான் ஒரு நாளும் சொல்லவில்லை.